முட்டி வலி மாத்திரை

இதய வால்வு மாற்றிய பிறகு அம்மா இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தார். இரத்தம் உறையாமலிருக்க தினமும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். கேட்காமல் வேறு எந்த மாத்திரையும் கொடுக்கக் கூடாதென்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். நானும் தலையாட்டுவேன்.

அந்த ஐப்பசி மழையில் அம்மாவின் முட்டி வலி அதிகமாகி, மண்ணரையில் இருந்த எங்கள் வீட்டின் இரண்டு படியை ஏற முடியாமல் உட்கார்ந்து அழுதார். பனியன் கம்பெனியில் சரக்கு கப்பலேற வேண்டிய வாரம் என்பதால் எனக்கு லீவு கிடையாது. போகிற வழியில் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை, நானும் இதயத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

மூன்றே நாளில் அம்மா நடந்தார். ஏழாம் நாள், அவர் மயங்கி விழுந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போன் செய்தார். மலம் கறுப்பாகப் போனதை, நான் வேலையை விட்டு வருவேனென்று அம்மா மறைத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் மாத்திரை அட்டையைப் பார்த்த டாக்டர் திட்டவில்லை. "ரெண்டும் சேரக் கூடாதுங்க. வயித்துக்குள்ள இரத்தம் கசிஞ்சிருக்கு" என்றார்.

அம்மா கண் விழித்ததும், "நான் குடுத்த மாத்திரைதானுங்கம்மா" என்றேன்.

"அழுவாத கண்ணு. நாலு நாளு நல்லா நடந்தனல்ல."

மறுநாள் போய்விட்டார். வயதாகிவிட்டது என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். அக்காவும் அப்படித்தான் நம்புகிறாள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.