ஒரு மில்லிமீட்டர் பெயிண்டு

ஏசுராஜின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரை, செருப்பைத் துளைத்த ஒரு ஆணி, தானாக ஆறிவிடும் என்று மூன்று வாரம் சும்மா இருந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் வேறு வழி இருக்கவில்லை.

ஏற்காட்டிலிருந்து தலைச்சோலைக்குப் போகும் வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் அவனுக்கு வேலை. பறித்து வந்த பழத்தை அன்றைக்கே தோல் உரிக்கும் பல்பர் மிஷினை இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறான். அதற்குக் கையும் காதும் போதும். கால் தேவைப்படுவது வேலைக்குப் போய்ச் சேர மட்டும்தான். எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீட்டிலிருந்து பல்பர் கொட்டகை ஒன்றரை கிலோமீட்டர், நல்ல ஏற்றம். செயற்கைக் கால் கொடுத்திருந்தார்கள். ஈரக் காற்றடிக்கும் மாதங்களில் அதன் கிண்ணம் உரசி, வெட்டிய இடத்தில் தோல் வழன்றுவிடும். புண் ஆறும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் மாட்டக் கூடாது என்று நர்ஸம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார்.

அவனைக் காப்பாற்றியது ஒரு பொம்மை வண்டி. முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்காக என்றைக்கோ வாங்கிய கோ-கார்ட். இரும்புக் குழாய்ச் சட்டம், தரையை ஒட்டி ஒரு இருக்கை, நாலு குட்டிச் சக்கரம், பின்னால் ஒரு பெட்ரோல் எஞ்சின். பிள்ளைகள் வளர்ந்து வெளிநாடு போனபின் உரக் கொட்டகையில் கிடந்தது. ஏசுராஜ் கேட்டு வாங்கினான். பிரேக் இடது காலில் மிதிப்பது. அதைக் கழற்றி, பழைய ஸ்கூட்டரின் கைப்பிடியை வைத்து, பிரேக்கைக் கைக்குக் கொண்டுவந்தான். எஸ்டேட் ரோட்டில் போலீஸ் இல்லை, லைசென்ஸ் கேட்பாரும் இல்லை. பழம் பறிக்கும் பெண்கள் முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் மதியச் சாப்பாட்டுத் தூக்கை அதில் ஏற்றிவிட ஆரம்பித்தார்கள்.

இந்த நவம்பரில் அந்த எஞ்சின் செத்தது. மேட்டில் ஏறும்போது உள்ளே பிஸ்டனின் கம்பி முறிந்து, பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. ரிப்பேருக்கு இடமில்லை. மாற்று எஞ்சின்தான் வைக்க வேண்டும்.

எஸ்டேட்டில் கணக்கும் ஆளும் பார்க்கும் ரைட்டர் விஜயகுமார் கெட்டவன் அல்ல. வயதில் சின்னவன்; எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவன். வீட்டுக்கே வந்து நின்று பேசினான்.

"திங்கக்கெழம மொதப் பறிப்புங்கண்ணா. சாயங்காலம் நாலு மணிக்கு மிஷின் ஓடோணும். அந்நேரத்துல ஜீப்பு மூட்டை ஏத்தீட்டு இருக்கும், உங்களக் கூட்டியார ஆளில்ல. மாரமங்கலத்துல ஒருத்தரு இந்த வேலையக் கேட்டுட்டே இருக்காரு. வர முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க."

"வர்றனுங்க" என்றான் ஏசுராஜ். எப்படி என்று விஜயகுமார் கேட்கவில்லை. அதுவே அவனிடமிருந்த இரக்கம். திங்கட்கிழமை இன்னொருவன் மிஷினில் கை வைத்துவிட்டால், அந்த வேலை இனித் திரும்பி வராது என்பது இருவருக்கும் தெரியும்.

என்ன எஞ்சின் என்று கண்டுபிடிப்பதே முதல் வேலையாக இருந்தது. அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் முதலாளி வரும் முன்பு, அசையாத பொருள் எல்லாவற்றுக்கும் பச்சைப் பெயிண்டு அடிப்பார்கள். கேட்டு, தண்ணீர்த் தொட்டி, பம்ப், டிரம் எதுவும் தப்பாது. கொட்டகையில் கிடந்த காலமெல்லாம் கோ-கார்ட்டும் அசையாத பொருள்தான். எஞ்சினில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் அதில் எப்போதோ கரைந்துபோயிருந்தது. ஏசுராஜ் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துச் சுரண்டினான். அரை நாள் சுரண்டியபின் இரும்பிலேயே பொறித்த எண் தெரிந்தது. அவன் மனைவி தேவகுமாரி அதைப் படித்துக் காலண்டர் தாளில் எழுதிக்கொண்டாள்.

கரடியூரில் மிளகும் காப்பியும் போட்டிருக்கும் பொன்னுவேலுக்குப் போன் செய்தார்கள். அவனுடைய மிளகுக் கதிர் உதிர்க்கும் மிஷினை ஏசுராஜ் பல வருஷம் சும்மாவே பார்த்துக் கொடுத்திருக்கிறான். எண்ணைக் கேட்டதும் பொன்னுவேல், அதே ஐந்தரைக் குதிரைத் திறன் எஞ்சின் தன்னிடம் இரண்டு இருக்கிறது என்றான். தோட்டத்துக்குக் கரண்ட் மோட்டார் வந்தபின் இரண்டும் சும்மா கிடக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொள், மற்றதைச் சனிக்கிழமை மிளகு லோடோடு சேலத்தில் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்றும் சொன்னான்.

"ஆனா மாப்ள, ரெண்டுக்கும் வெளிய நீட்டீட்டு இருக்கற தண்டு வேற வேற. ஒண்ணு இருவது மில்லி, ஒண்ணு பத்தொம்பது. உனக்கு எதுன்னு அளந்து சொல்லு."

தண்டின் மேல் கிளட்ச் என்ற உருளை ஏறி உட்கார்ந்திருக்கும். அதுதான் சங்கிலியை இழுத்துச் சக்கரத்தைச் சுற்றும். செத்த எஞ்சினில் அது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கழற்றிவிட்டு அளக்கச் சொன்னாள் தேவகுமாரி. கிளட்சுக்கு வெளியே ஒரு விரல் அளவு தண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளேயும் அதே தண்டுதானே என்று அவன் அந்த நுனியை வெர்னியர் அளவுகோலால் அளந்தான். சரியாக இருபது. பொன்னுவேலும் இருபது மில்லி எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சொன்னபடி சனிக்கிழமை சேலம் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தேவகுமாரி பூசைக்குப் போயிருந்தபோது, ஏசுராஜ் துருவைத் தட்டிக் கிளட்சைக் கழற்றினான். புது எஞ்சினின் தண்டில் ஏற்றினான். ஏறவில்லை. எண்ணெய் போட்டான். ஏறவில்லை. பழைய தண்டின் நுனியை நகத்தால் கீறிப் பார்த்தான். பச்சைப் பெயிண்டு ஓடு மாதிரி பெயர்ந்து வந்தது. அதன் அடியில் இன்னொரு பச்சை, அதன் அடியிலும் ஒன்று. எல்லாம் போனபின் அளந்தால் பத்தொன்பது.

பொன்னுவேலுக்குப் போன் போட்டான். மற்ற எஞ்சினைச் சேலத்தில் நேற்றே உடைத்துப் போட்டிருப்பார்கள் என்றான் அவன்.

தேவகுமாரி திரும்பி வந்தபோது அவன் செயற்கைக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்ன யோசனை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அதை மாட்டீட்டு நாளைக்கு நடக்கலாம்னு பாக்கறீங்களாக்கும்?"

"ரெண்டு நாளைக்குத் தாங்கும்."

"ரெண்டு நாளு நீங்க மிஷின் ஓட்டுவீங்க. மூணாம் நாளு நான் உங்கள ஆஸ்பத்திரிக்கு ஓட்டோணும். இருக்கறதையும் எடுத்துப்போட்டா எதை வெச்சுங்க மேடேறுவீங்க?" காலை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து, "கழட்டிப் பாருங்கன்னு சொன்னனா இல்லையா?" என்றாள்.

"சொன்ன. நாந்தான் கேக்கல."

அவள் அதற்கு மேல் அதை இழுக்கவில்லை. இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் லேத் பட்டறை எதுவும் திறந்திருக்காது. ஏசுராஜ் புது எஞ்சினின் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தான். லேத் என்பது என்ன, இரும்பைச் சுழலவிட்டு ஆயுதத்தால் சீவுவதுதானே. இந்தத் தண்டு தானாகவே சுழல்கிறது. அரத்தைப் பிடித்தால் தேயும். தேய வேண்டியது ஒரு மில்லிமீட்டர்.

அப்படியே செய்தார்கள். எஞ்சினை முற்றத்துப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கினார்கள். தண்டில் இருந்த நீளப் பள்ளத்தில் அரம் தட்டித் துள்ளாமல் இருக்க, ஒரு இரும்புத்துண்டை அடித்து நிரப்பினான். தூள் உள்ளே போகாமல் தண்டின் அடியில் கிரீஸும் துணியும் வைத்துக் கட்டினான். தேவகுமாரி முந்தானையை இழுத்துச் செருகி, கொண்டையைத் துணியால் கட்டிக்கொண்டாள். சுற்றுகிற எதற்குப் பக்கத்திலும் தொங்குகிற எதுவும் இருக்கக் கூடாது என்பது பல்பர்க்காரன் பெண்டாட்டிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அரத்தைப் பிடித்தான். பொடி பொடியாக இரும்பு உதிர்ந்தது. முக்காலியில் ஒரு காலோடு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்ததில் கால் மணிக்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் அரத்தை வாங்கினாள். ஒரே இடத்தில் அழுத்தாமல் நுனிக்கும் அடிக்கும் போய் வரச் சொன்னான். நாள் முழுக்கப் பழம் பறிக்கிற மணிக்கட்டு அது. அவனைவிடச் சீராகவே போய் வந்தது. அவன் அரத்தைத் திரும்பக் கேட்கவில்லை.

ஒவ்வொரு முறையும் நிறுத்தி, ஆறவிட்டு, அளந்தார்கள். சூட்டில் அளந்தால் பொய் அளவு. இன்னொரு பொய் அளவுக்கு இடமில்லை. மதியச் சோறு மாலையாயிற்று. அரம் போய் உப்புத்தாள் வந்தது. கடைசியில் கிளட்ச் பாதி ஏறி நின்றது. இன்னும் கொஞ்சம் தேய்த்தார்கள். பிறகு கையாலேயே சுழன்று உள்ளே போய் உட்கார்ந்தது. தண்டும் கிளட்சும் சேர்ந்து சுழலப் பள்ளத்தில் செருகும் சின்ன இரும்புக் கட்டையை அளவுக்கு ராவ இன்னும் ஒரு மணி நேரம் பிடித்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் எஞ்சின் வண்டியில் இருந்தது.

திங்கட்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு ஏசுராஜ் கிளம்பினான். மேட்டில் எஞ்சின் முக்கியது, நிற்கவில்லை. கடைசி வளைவில் பறிப்புப் பெண்கள் மூட்டையோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். பல்பர் கொட்டகை வாசலில் விஜயகுமாரும், பக்கத்தில் மாரமங்கலத்து ஆளும் நின்றிருந்தார்கள். அந்த ஆள் ஏற்கெனவே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தான்.

விஜயகுமார் வண்டியைப் பார்த்தான், மணியைப் பார்த்தான்.

"இன்னைக்கு வந்துட்டீங்க. சீசன் முச்சூடும் வருவீங்களாண்ணா?"

"வருவனுங்க. இது நின்னுபோச்சுன்னா அப்பவே போன்ல சொல்லிப்போடறேன். அன்னைக்கு மட்டும் இவரு ஓட்டட்டும்" என்றான் ஏசுராஜ். தன் இடத்தில் இன்னொருவன் நிற்கலாம் என்று ஒப்புக்கொள்ள அவனுக்கு இந்த இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

விஜயகுமார் மாரமங்கலத்து ஆளை மூட்டை இறக்கப் போகச் சொன்னான். அந்த ஆளும் கோபப்படவில்லை. மூட்டைக்குப் போகும் முன் ஏசுராஜுக்கு ஒரு கை கொடுத்து இருக்கையிலிருந்து தூக்கிவிட்டான். ஏசுராஜ் வண்டியில் செருகியிருந்த ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே போய், மிஷினுக்குத் தண்ணீர் திறந்துவிட்டான்.