ஏறி இறங்கும் சத்தம்

ஆஸ்திரேலியாவின் டால்பி ஊரில் யார் வீட்டுப் புல்வெட்டி மெஷின் மக்கர் பண்ணினாலும் ரஸ்ஸல் டாரன்ட்டின் கொட்டகைக்குத்தான் வரும். முப்பது வருஷம் அப்படித்தான். எடுத்ததும் கழற்றமாட்டார்; ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். போன குளிர்காலத்தில் வந்த பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. எல்லாம் புரியும், வாயைத் திறந்தால் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு சொல் வந்து விழும்.

ஜனவரி மழையில் புல் முழங்காலுக்கு வளர்ந்துவிட்டது. பாம்பு நடமாட்டம் வேறு. மனைவி நெரிடா மெஷினை உருட்டிவந்து கயிற்றை இழுத்தாள். என்ஜின் பிடித்தது; ஆனால் நிலையாக ஓடவில்லை. உறுமிக்கொண்டு ஏறும், அணைந்துவிடுவதுபோல் இறங்கும், மறுபடி ஏறும்.

வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரஸ்ஸல் நிமிர்ந்தார்.

"என்னன்னு தெரிஞ்சிடுச்சா உனக்கு?"

தலையாட்டினார். இடது கையால் மெஷினைக் காட்டி, "ஞாயித்துக்கிழமை" என்றார்.

"ஞாயித்துக்கிழமை வெட்டிக்கலாங்கிறியா?"

இல்லையென்று வேகமாகத் தலையசைத்தார். "ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை."

நெரிடா பழைய பெட்ரோலைக் கொட்டிப் புதிது ஊற்றினாள். பிளக்கைத் துடைத்தாள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, துளையில் மெல்லிய கம்பியை விட்டு எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் அவர் முகத்தைப் பார்த்தாள், ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையசைத்தார். சத்தம் அப்படியேதான் ஏறி இறங்கியது.

கடைசியில் அவரே எழுந்துவந்து புல்லில் மண்டியிட்டார். கார்புரேட்டருக்குப் பின்னால் ஒரு போல்ட்டில் இடது கையால் ஸ்பேனரை வைத்தார். நழுவியது. மறுபடி வைத்தார், மறுபடி நழுவியது. ஸ்பேனரைப் போட்டுவிட்டுத் தன் வாயிலேயே முஷ்டியால் குத்திக்கொண்டார். நெரிடா அவர் கையைப் பிடித்து நிறுத்துவதற்குள் உதடு கிழிந்திருந்தது.

பக்கத்து வீட்டு டூகல் வேலியைத் தாண்டி வந்தார். மெஷினை ஓடவிட்டு, கார்புரேட்டர் என்ஜினோடு சேரும் இடுக்கில் கையோடு கொண்டுவந்த கார்புரேட்டர் ஸ்பிரேயை அடித்தார். சத்தம் ஒரு கணம் சீரானது.

"நடுவுல இருக்கிற கேஸ்கெட் அட்டை கிழிஞ்சிருக்கு. இந்த வழியா காத்த இழுக்குது. என்ன ரஸ், இதக்கூட வீட்டுக்காரிக்குச் சொல்லிக் குடுக்காம ராஜா மாதிரி உக்காந்திருந்தியா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். ரஸ்ஸல் ஒரு பக்க உதட்டால் சிரித்தார். அவர் ஸ்பேனர் வைத்த அதே போல்ட்டைத்தான் டூகல் இப்போது கழற்றிக்கொண்டிருந்தார். நெரிடா அதைக் கவனித்தாள்.

கொட்டகையிலிருந்து எடுத்த புதுக் கேஸ்கெட்டைப் போட்டதும், இருபது நிமிஷத்தில் மெஷின் ஒரே சீராக ஓடியது. அவள் முற்றம் முழுக்க வெட்டி முடித்துத் திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. ரஸ்ஸல் தன் கருவிப் பெட்டியை இடது கையால் இழுத்துக்கொண்டு டூகல் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"அது உன்னோடது ரஸ். டூகலுக்கு ஏன் குடுக்கற? உள்ள வா."

அவர் நிற்கவில்லை. பேசவும் முயலவில்லை. இரண்டடிக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினார். நெரிடா மெஷினை ஓரமாக நிறுத்தினாள். பிறகு போய்ப் பெட்டியின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டாள்.