தனக்குத் தானே ஓட்டுப் போட்ட ஆர்டிஸ்

லிண்டால் பள்ளி வாரியத் தேர்தலில் யாரும் வேட்பாளராக நிற்பதில்லை. நிற்பது என்றால் 'என்னைப் பாருங்கள், நான் கெட்டிக்காரன்' என்று சொல்வதாகிவிடும். வடக்கு டகோட்டாவில் எங்கள் பக்கத்தில் அதைவிடத் திருட்டுப் பட்டம் வாங்குவதே மேல். ஆகவே வாக்குச்சீட்டில் அச்சடித்த பெயர் எதுவும் இருக்காது. வெற்றுக் கோடு ஒன்று இருக்கும். பள்ளிக்கூடத்தை யார் பார்த்துக்கொள்ள வேண்டுமோ அவர் பெயரை அதில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஜெயித்தவர் மறுநாள் "ஐயோ, என்னையா?" என்று தலையில் கை வைப்பார். பிறகு சாகும்வரை அந்த நாற்காலியை விடமாட்டார்.

வெண்டல் ஹோவ்லாண்ட் அப்படித்தான் சாகும்வரை உட்கார்ந்திருந்தார். அவர் வசந்தத்தில் இறந்துபோனார், ஜூனில் தேர்தல் வந்தது. அவர் இடத்துக்கு யார் என்று ஊரில் ஒருவரும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்தால் பிரசாரம் ஆகிவிடுமே. அவரவர் தனியாக யோசித்தோம். நல்ல ஆளாகப் பார்த்து மற்றவர்கள் எழுதிவிடுவார்கள், என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப்போகிறது, நான் வெண்டலுக்கு ஒரு மரியாதை செய்துவிடுகிறேன் என்று. இப்படி ஊரே கூடி மரியாதை செய்ததில், கல்லறையில் அப்போதுதான் புல் முளைத்துக்கொண்டிருந்த மனிதர் அமோகமாக வென்றுவிட்டார். ஒரே ஒரு சீட்டில் மட்டும் வேறு பெயர் இருந்தது.

ஆர்டிஸ் ப்ரெக்கே அப்போது தானியக் கிடங்கின் எடைமேடை அறையில் உட்கார்ந்திருந்தாள். அறுபதைத் தொட்டவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். லாரி வந்து மேடையில் நிற்கும், முள் ஆடி அடங்கும், அவள் எடையைச் சீட்டில் குறித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். இரண்டு லாரிகளுக்கு நடுவில் அவளுக்கு நிறைய வானம் கிடைக்கும். அவளுக்கு வேண்டியதும் அதுதான். சிறு வயதில் அவள் டீச்சர் அவள் அம்மாவைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணோட உடம்பு மட்டும்தான் என் வகுப்புல இருக்கு. மிச்சமெல்லாம் வாத்துக்கூட்டத்தோட கனடாவுக்குப் போயிடுச்சு" என்று சொன்ன கதை ஊருக்கே தெரியும். வளர்ந்தும் மாறவில்லை. பள்ளிக் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு ஸ்கோர் பலகை அவள் பொறுப்பு. உயரத்து ஜன்னல்களில் பனி விழுவதைப் பார்த்தபடி எண்ணை மாற்ற மறந்துவிடுவாள். கூட்டம் முழுக்க "ஆர்டிஸ்!" என்று கத்தும். அவள் திடுக்கிட்டு வந்து மாற்றுவாள். கோபப்படுவது வெளியூர்க்காரர்கள் மட்டும்தான்.

வாரியத் தலைவன் லெலண்ட் ருஸ்டாட் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், முன் பெஞ்சுக்காரன்.

"ஆர்டிஸ், உக்காந்துக்கோ."

"உக்காந்துதானே இருக்கேன்."

"இன்னும் நல்லா உக்காந்துக்கோ. நீ ஜெயிச்சுட்ட."

"தீயணைப்புக்காரங்க குலுக்கல்லயா? பரிசா வச்சிருந்த அந்தப் பன்னித்தொடை எனக்கா?"

"பன்னித்தொடையுமில்ல, ஒண்ணுமில்ல. பள்ளி வாரியத்துல. வெண்டலுக்கு விழுந்ததெல்லாம் செல்லாதாம். செத்தவரு வந்து பதவிப் பிரமாணம் எடுக்க முடியாதுன்னு கவுண்டி ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அடுத்தபடியா நீதான். ஒரே ஓட்டு."

"எனக்கு எவன் போட்டான்?"

லெலண்ட் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்தான். "கையெழுத்து உன்னோடது, ஆர்டிஸ். இங்க சீட்டுல போடுவியே, அதேதான். கடைசில அந்தச் சுழி கூட அப்படியே இருக்கு."

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. விளையாட்டுக் கூடத்தில் ஓட்டுப் போடப் போனபோது ஒரு தகைவிலான் குருவி உள்ளே மாட்டிக்கொண்டு மேலே ஜன்னலுக்கு ஜன்னல் பறந்துகொண்டிருந்தது. வெளியே போக வழி தெரியுமா அதற்கு என்று அவள் அண்ணாந்து பார்த்திருந்தாள். கீழே ஒரு தாள், தாளில் ஒரு வெற்றுக் கோடு. அவள் கை பழக்கதோஷத்தில் தன் வேலையைச் செய்துவிட்டது.

"கடவுளே," என்றாள் ஆர்டிஸ். முகம் காது வரை சிவந்துபோனது. "வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடறேன்."

"கொடு. ஆனா அப்புறம் ஆள் தேட நான் எங்க போவேன்? இந்த ஊர்ல ஓட்டு வாங்கின உசிரோட இருக்கற ஒரே ஆள் நீதான்."

அந்தக் கோடை முழுக்க அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டோம். காபிக்கடையில் அவள் நுழைந்தால், "உன் தொகுதி மக்களெல்லாம் சௌக்கியமா, ஆர்டிஸ்?" என்பார் ஒருவர். "சௌக்கியம்தான், இப்பதான் கண்ணாடியில பாத்துட்டு வந்தா" என்பார் இன்னொருவர். அவளும் சிரிப்பாள். ஆனால் வீட்டில் தனியாக இருக்கும்போது அவளுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டவள். எங்கள் ஊரில் அது கல்லறைக் கல் வரைக்கும் கூட வரும்.

இலையுதிர் காலத்தில் சிரிப்பு நின்றது. பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் மேல் வகுப்புகளை மூடிவிட்டு, பெரிய பிள்ளைகளைக் கார்ஸ்டன் ஊர்ப் பள்ளிக்குப் பேருந்தில் அனுப்பிவிடலாம் என்று பேச்சு வந்தது. கார்ஸ்டன் என்றால் எங்கள் அப்பா தாத்தா காலத்திலிருந்து கூடைப்பந்தில் எங்களை அழ வைக்கிற ஊர். அங்கேயா? ஐந்து பேர் வாரியத்தில் இரண்டு பேர் அனுப்பலாம் என்றார்கள். லெலண்டும் இன்னொருவரும் கூடவே கூடாது என்றார்கள். மீதி இருந்தது வெண்டலின் நாற்காலி, அதில் ஆர்டிஸ்.

அவளுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. மேல் வகுப்பு போனால் கூடைப்பந்து அணி போகும். அணி போனால் ஸ்கோர் பலகை அணையும். அந்த உயரத்து ஜன்னல்களுக்குக் கீழே குளிர்கால மாலைகளில் உட்கார அவளுக்கு ஒரு காரணமும் இருக்காது. அவளுக்குக் குடும்பம் என்று இருந்தது அதுதான். "மூட விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். வெண்டலின் மனைவி பெர்னடின் எங்கள் பக்கத்தில் அன்புக்கு அடையாளமாகக் கொண்டுபோகும் ஹாட்டிஷை, கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்டதை, இன்னும் சூடு ஆறாமல் துணியில் சுற்றி எடுத்துவந்து அவள் மேசையில் வைத்தாள்.

"வெண்டல் இருந்தா இதத்தான் சொல்லியிருப்பார். ஊரு ஏதோ அசட்டுத்தனமா ஓட்டுப் போட்டாலும், நாற்காலிக்குச் சரியான ஆள்தான் வந்திருக்கு."

ஆர்டிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் அவளைக் கிண்டல் செய்ததுண்டு, பொறுத்துக்கொண்டதுண்டு. நம்பியது அதுவே முதல் தடவை.

புதிதாக வாரியத்துக்கு வந்தவர் குளிர்காலத்தில் ஒரு நாள் முழுக்க வகுப்பில் போய் உட்கார வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். பின்வரிசையில் உட்கார்ந்து, பிள்ளைகள் சாப்பிடுவதையே சாப்பிட்டு, மணி அடித்தபின்தான் வீட்டுக்குப் போகலாம். ஆர்டிஸ் ஜனவரியில் போனாள். கண்காணிப்பாளர் டுவேன் அவளை ஒன்பதாம் வகுப்புக்கு அழைத்துப்போனார். கண்காணிப்பாளர் என்று பெயர்தான் பெரிது. காலையில் பேருந்து ஓட்டுவார், குழாய் உறைந்தால் அவர்தான் போய் உருக்குவார், நடுவில் சரித்திரப் பாடமும் எடுப்பார்.

அவள் படித்த அதே அறை. அதே ஜன்னல். ஜன்னலில் அதே கிடங்குக் கோபுரம், அதற்கப்பால் வெள்ளை வெளேரென்று முடிவே இல்லாத நிலம். காற்று பனியைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போனது. வயல் மொத்தமும் எங்கோ மெதுவாக நகர்ந்து போவது போல இருந்தது. ஆர்டிஸ் உட்கார்ந்த மாத்திரத்தில் கிளம்பிவிட்டாள். வேலிக் கம்பங்களைத் தாண்டி, உறைந்த ஏரியைத் தாண்டி, வாத்துகள் போன வழியில்.

டுவேனின் குரல்தான் அவளைத் திரும்பக் கூட்டிவந்தது.

"டோவா, நீ என்ன நினைக்கற?"

டோவா பதில் சொன்னாள். ஒன்பதாம் வகுப்பு என்றால் டோவா மட்டும்தான். பின்னல் போட்ட, ஒல்லியான பெண். பாடம் தொடர்ந்தது.

"அது ஏன்னு சொல்லு, டோவா."

சொன்னாள்.

"நல்லது. அடுத்தது, டோவா?"

டுவேன் நல்ல மனிதர், அன்பாகத்தான் கேட்டார். ஆனால் கேட்க அவருக்கு வேறு ஆள் இல்லை, பார்க்கவும் இல்லை. அவர் பார்வை அந்தப் பெண்ணின் முகத்தை விட்டு நகரவே இல்லை. அவளும் நிமிர்ந்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் வரை ஆர்டிஸ் கவனித்தாள். ஆசிரியர்கள் மாறினார்கள், பாடங்கள் மாறின. அந்தப் பெண்ணின் கழுத்து ஒரு முறைகூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஜன்னல் பக்கம் பாக்கவே மாட்டியா நீ? இன்னிக்குப் பனி என்னமா ஓடுது!"

"எப்படிப் பாக்கறது, ஆர்டிஸ்? உடனே தெரிஞ்சுடுமே."

"தெரிஞ்சா என்ன? திட்டுவாரா?"

"திட்டினாக்கூடப் பரவாயில்ல. பாடத்த நிறுத்திடுவார். நான் பாக்கறவரைக்கும் காத்துக்கிட்டு இருப்பார். பாவமா இருக்கும்." டோவா ரொட்டியைப் பிய்த்தாள். "நீங்க சின்ன வயசுல எப்பவும் வெளியவே பாத்துட்டு இருப்பீங்களாமே, அம்மா சொன்னாங்க. எப்படி விட்டாங்க உங்கள?"

ஆர்டிஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த அறையில் அன்று இருந்தவர்கள் எல்லோரும் அவள் கண்முன் வந்தார்கள். காகித அம்பு விட்டவன், கேட்காமலே பதில் சொன்னவள், முன் பெஞ்சில் பூசணிக்காய் போல லெலண்டின் தலை. அந்தத் தலைக்குப் பின்னால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவள் எங்கெல்லாம் போய் வந்தாள்! இத்தனை வருடமாக அந்த ஜன்னல்தான் தனக்கு எல்லாம் தந்தது என்று நினைத்திருந்தாள். தந்தது அந்தத் தலைகள். அவளால் அதற்குமேல் சாப்பிட முடியவில்லை.

மார்ச் மாதத்துக் கூட்டத்துக்குப் பள்ளி நூலகத்தில் உட்கார இடமில்லை. சாயங்கால வெயில் தரையில் நீளமாகக் கிடந்தது. இரண்டு பேர் அனுப்பலாம் என்றார்கள். லெலண்டும் மற்றவரும் வேண்டாம் என்றார்கள். எல்லோரும் நிம்மதியாக ஆர்டிஸைப் பார்த்தார்கள். பெர்னடின் பின்னல் ஊசியைக்கூட நிறுத்தவில்லை.

"அனுப்பிடலாம்," என்றாள் ஆர்டிஸ்.

பின்னல் ஊசி நின்றது.

"ஆர்டிஸ், கேள்வி புரிஞ்சுதா உனக்கு? கனவு கினவு காணலையே?" என்றான் லெலண்ட்.

"அதத்தான் சொல்ல வரேன். நான் இந்தப் பள்ளிக்கூடத்துல கனவு கண்டே வளந்தவ. எல்லாருக்கும் தெரியும். என்னால முடிஞ்சுது, ஏன்னா எனக்கு முன்னால உன் தலை இருந்துச்சு, லெலண்ட். எவ்வளவு பெரிய தலை! அதுக்குப் பின்னால ஒரு மாட்டையே ஒளிச்சு வைக்கலாம். டோவாவுக்கு முன்னால யாருமில்ல. பக்கத்துல இல்ல, பின்னாலயும் இல்ல. நாம ஒரு கட்டடத்த வச்சுக்கறதுக்காக அந்தப் பொண்ணு நாள் முழுக்க நிமிந்து உக்காந்திருக்கா. எனக்கு இந்த இடத்தவிட்டா வேற ஒண்ணும் கிடையாது. ஆனாலும் அனுப்பிடலாம்."

பெர்னடின் எழுந்துவிட்டாள். "அது வெண்டல் நாற்காலி! உனக்கு யாரு ஓட்டுப் போட்டான்னு நீ இப்படிப் பேசற?"

"யாரும் போடல, பெர்னடின். நானேதான் எனக்குப் போட்டேன்."

அதைச் சொல்லும்போது அவள் காது சிவக்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் எதிரே வண்டி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்குவோம். முன்பின் தெரியாதவனுக்கும் தூக்குவோம். அந்த வசந்தத்தில் ஆர்டிஸின் வண்டி வந்தால் பலபேர் விரல் எழவில்லை. ஹாட்டிஷ் வரவில்லை. கடைசி ஆட்டத்தன்று அவள் ஒரு எண்ணைக்கூடத் தவறவிடவில்லை, ஜன்னல் பக்கம் நிமிரவே இல்லை. ஆட்டம் முடிந்து பலகையை அணைத்துவிட்டு, எல்லோரும் போனபின் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

செப்டம்பரில் அறுவடை தொடங்கியது. எடைமேடைக்கு வெளியே பதர்த்தூசி வெயிலில் பொன்னாக மிதந்துகொண்டிருந்தது. லெலண்டின் லாரி மேடையில் நின்றது. அந்த நேரத்தில்தான் டுவேன் ஓட்டிய மஞ்சள் பேருந்து கார்ஸ்டன் பக்கம் கிளம்பி, கிடங்கைக் கடந்து போனது. உள்ளே பிள்ளைகளின் கூச்சல். ஏழாவதோ எட்டாவதோ ஜன்னலில் டோவா. பக்கத்து இருக்கையில் யாரோ அவள் தோளில் இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளோ நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்டிஸ் ஜன்னலோரம் ஓடிப்போய்க் கையை ஆட்டினாள். டோவா நேராக அவளைத்தான் பார்த்தாள். ஆனால் அவள் கண்ணில் ஆர்டிஸ் படவே இல்லை.

பேருந்து தூசிக்குள் போய் மறைந்தது. ஆர்டிஸ் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஆர்டிஸ்! சீட்டு!" லெலண்ட் லாரியிலிருந்து தலையை நீட்டிக் கத்தினான். "எத்தன தடவ கூப்பிடறது? எங்க போயிட்ட?"

"கார்ஸ்டன் வரைக்கும்," என்றாள் ஆர்டிஸ்.