பிடுங்கி வைத்த ஹார்ட் டிஸ்க்

ஒரு மனிதனின் உயிர் பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கும் என்றால் நம்புவீர்களா? நம்பாவிட்டால், கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவின் பதிவறைக்கு வாருங்கள். பதினொரு வருடமாக அங்கே ஒப்பந்த ஊழியராகவே இருக்கிறார் ‘வயர் அக்கா’.

தினமும் மாலையில் நோயாளிகளின் பதிவுகளை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுப்பார். முடிந்ததும் வயரைப் பிடுங்கி, டிஸ்க்கை டப்பாவில் போட்டு அலமாரியில் பூட்டுவார். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

“அது என்னக்கா நகையா, பூட்டிப் பூட்டி வெக்க? சர்வர்லயே இன்னொரு காப்பி இருக்குல்ல?” என்பார் மேலாளர்.

“சர்வரும் இதே நெட் வயர்லதானே சார் தொங்குது? திருடன் உள்ள வந்தா ரெண்டுமே அவன் கைக்கு எட்டுமே!”

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எல்லாத் திரைகளிலும் ஒரே மிரட்டல்: பணம் கொடு, சாவி தருகிறோம். பதிவுகள் அத்தனையும் பூட்டப்பட்டிருந்தன, சர்வரில் இருந்த நகலும் சேர்த்து. வெளியே பெஞ்சில் ஒரு பேருந்து ஓட்டுநர், தொண்டையில் புற்று. முப்பது முறையில் பதினேழு முடிந்திருந்தது. எந்தக் கோணம், எவ்வளவு கதிர் என்பது தெரியாமல் இயந்திரத்தைத் தொட முடியாது. நாளைக் கடத்தினால் கட்டி முந்திக்கொள்ளும்.

மேலாளரின் விரல் யார் பக்கம் நீண்டது? நிரந்தர வேலை இல்லாதவர் பக்கம்தான்.

“நீங்கதான் எதையோ திறந்து தொலைச்சிருக்கீங்க!”

போலி பில்லோடு வந்த மின்னஞ்சலைத் திறந்து திருடனை உள்ளே விட்டவர் மேலாளரேதான் என்பது பிறகு தெரிந்தது.

அக்கா அலமாரியைத் திறந்தார். டப்பாவை எடுத்து வந்தார். “புதுக் கம்ப்யூட்டர் ஒண்ணு குடுங்க. நெட் வயர் இருக்கவே கூடாது.”

டிஸ்க் திறந்தது. நாற்பதாயிரம் பேர்! ஓட்டுநரின் கழுத்து ஸ்கேன் படங்களாக, ஏடு ஏடாகத் திரையில் விரிந்தது. ஒவ்வொரு கதிரின் பாதையும் மயிரிழை பிசகாமல் நின்றது. தினமும் நகலெடுத்தவர்தான், உள்ளே இருந்ததை அன்றுதான் பார்த்தார். கைக்குள் அடங்கும் தகட்டிலா இத்தனை மூச்சுகள்?

மருத்துவர் ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்துத் தலையசைத்தார்.

“பதினெட்டாவது ஸ்டாப்பு போலாமாம்மா?” ஓட்டுநரின் குரல் கரகரத்தது.

“ஏறுங்கண்ணே!”

“எல்லாம் கடவுள் செயல்” என்றார் மேலாளர். வயரைப் பிடுங்கிய கை எதிரிலேயே நின்றது. அந்தக் கைக்கு இன்றும் நிரந்தர வேலை இல்லை.

இழக்கக் கூடாதது உங்களிடம் எதுவோ, அதை இன்றே நகலெடுத்து வயரைப் பிடுங்கி வையுங்கள். உங்கள் அலுவலகத்தில் அதைச் செய்பவர் ஒப்பந்த ஊழியர் என்றால், அவருக்காக நாளைக்கே வாய் திறவுங்கள்.