‘இந்தியர்’ என்று நான் போட்ட டிக்

கடந்த ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை நாகர்கோவிலுக்கு ஓடினேன். சுற்றிப் பார்க்க அல்ல. நான் செய்த ஒரு தப்பைத் திருத்த. முகாம்வாழ் இலங்கைத் தமிழர் யாருக்காவது நீங்கள் உதவப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

தர்ஷினியை எனக்குப் போன வருடத்திலிருந்துதான் தெரியும். மண்டைக்காட்டுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்பா பெயிண்டர். வீடு, அகதிகள் முகாம். பேசிப் பேசிப் பழக்கமானது. இந்த வருடம் பிளஸ் டூ முடித்தவளுக்கு நர்சிங் கல்லூரி விண்ணப்பத்தைத் திருச்சியில் இருந்தபடியே நான் நிரப்பினேன். எங்கள் குடும்பத்தில் எந்தப் படிவமும் என் கைக்குத்தான் வரும், அந்தத் திமிர் வேறு. ‘பிறந்த இடம்?’ என்று போனில் கேட்டேன். ‘நாகர்கோவில் பெரியாஸ்பத்திரி’ என்றாள். அடுத்த கட்டம், குடியுரிமை. அவளைக் கேட்கவே இல்லை. ‘இந்தியர்’ என்று டிக் போட்டு அனுப்பிவிட்டேன்.

திங்கள் மதியம் தர்ஷினியிடமிருந்து போன் வந்தது. மறுநாள் காலை பத்தரை முதல் ஒரு மணி வரை அசல் சான்றிதழ் சரிபார்ப்பு. விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்துப் பார்த்திருக்கிறாள். வெளியில் அச்சு அசல் நாகர்கோவில்காரி மாதிரி பேசுகிறவள், பயந்தால் வீட்டுப் பேச்சுக்குப் போய்விடுவாள்.

“அக்கா, பிழையாப் போட்டிட்டியள். நாங்கள் இந்தியர் இல்லை.”

“நீ இங்கதானே பொறந்தே? ஒரு டிக்தானே, திருத்திக்கலாம்.”

“நீங்கள் பிழை விட்டால் திருத்துவினம். நாங்கள் விட்டால் பொய் எண்டு சொல்லுவினம்.”

அன்றிரவே ரயில் ஏறினேன்.

காலை 5.50க்கு நாகர்கோவில் சந்திப்பு. அங்கிருந்து அண்ணா பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ 100 ரூபாய். பிறகு இராஜாக்கமங்கலம் பக்கம் போகும் டவுன் பஸ், பதினான்கு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முகாமின் பெயரை எழுதப் போவதில்லை. வாசலில் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். முன்கூட்டியே சொல்லாமல் போய் நிற்காதீர்கள், பிறகு பதில் சொல்ல வேண்டியவர்கள் முகாமில் இருப்பவர்கள்தான்.

முகாம்வாசி என்று முகாமுக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு கடிதம் தந்தால் கல்லூரியில் காட்டலாம். ஆனால் அதிகாரி வந்ததே 10.25க்கு. அதுவரை தர்ஷினி பிளாஸ்டிக் உறையில் இருந்த சான்றிதழ்களை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். அவள் அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். டீ கொடுத்தார்.

“யாரு ஃபில் பண்ணினது?” என்றார் அதிகாரி.

“நான் சார். அவளுக்குத் தெரியாது.”

அதையும் கடிதத்தில் எழுதச் சொல்லிக் கெஞ்சினேன். எழுதினார். கடிதம் கைக்கு வரும்போது மணி 11.40. கல்லூரி இருபத்திரண்டு கிலோமீட்டர். பஸ்ஸை நம்பினால் அவ்வளவுதான். ஆட்டோ, 450 ரூபாய்.

நாங்கள் பதறிப்போய் மணியையே பார்ப்பதைக் கண்ணாடியில் கவனித்த டிரைவர், “என்ன மக்கா, ரெண்டு பேருக்கும் இவ்வளவு வெப்ராளம்?” என்றார். சொன்னேன்.

“பேடிக்காத மக்கா. நான் கல்ஃப்ல பதினோரு வருசம் இருந்தவன் கேட்டியா. பாஸ்போர்ட்ட மொதலாளி வாங்கி வச்சிருந்தான். போலீஸ் வண்டியக் கண்டாலே காலு நடுங்கும். ஆனா எனக்குத் திரும்பி வர இந்த ஊரு இருந்துது.” வண்டியை இன்னும் வேகமாக ஓட்டினார்.

12.35. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர். 12.55க்கு எழுத்தர் தாளைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். “இதுல இந்தியர்னு போட்டுட்டு, இங்க இலங்கைன்னு இருக்கே?”

நான் வாயைத் திறந்தேன். தர்ஷினி என் கையை அழுத்தினாள். “சாரே, அக்கா தெரியாமப் போட்டுட்டாவ. நான் அனுப்புறதுக்கு முன்னாடி பாக்கல்ல. முகாம் பிள்ளைங்களுக்குத் தனி எடம் உண்டுன்னு உங்க அறிவிப்புலயே இருக்கு. அதுலதான் நான் கேக்கேன்.”

அப்படி ஓர் இடம் இருப்பதே எனக்குத் தெரியாது! அறிவிப்பை முழுதாகப் படித்தவள் அவள். என் டிக் அந்த இடத்திலிருந்தே அவளைத் தள்ளியிருக்கும்.

எழுத்தர் ஒரு திருத்தப் படிவத்தை நீட்டினார். “உன் கையால எழுது.” எழுதினாள். “அங்க எந்த ஊரு?” என்று சும்மாதான் கேட்டார். “அம்மா மன்னார் சார். நான் பாத்ததில்ல.” வெள்ளிக்கிழமை பட்டியல் வரும் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் எங்கே இறங்க வேண்டும் என்று மட்டும் கேட்டு, அவளுக்கும் எனக்கும் ஒரே மாதிரி கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

உதவப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அகதிகளுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. முகாமில் வீடு, ரேஷன், உதவித்தொகை, படிப்பு உண்டு. ஓட்டு கிடையாது, இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது. இங்கே பிறந்ததால் மட்டும் குடியுரிமை வந்துவிடாது. இது நியாயமா என்றால் இல்லை என்பேன், சண்டை போடவும் தயார். ஆனால் அதை நம் எம்.பி.க்கு எழுதும் கடிதத்தில் போட வேண்டும், ஒரு பெண்ணின் விண்ணப்பத்தில் அல்ல. படிவம் நிரப்பினால் ஒவ்வொரு கட்டத்தையும் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள். கூடப் போய் வரிசையில் நில்லுங்கள். பேசுவதை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

வெள்ளி வரை எனக்குத் தூக்கம் இல்லை. மாலை நாலு மணிக்கு வாட்ஸப்பில் பட்டியலின் படம் வந்தது. ஏழாவது பெயர், தர்ஷினி. அலுவலகம் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். பெயருக்குப் பக்கத்துக் கட்டத்தில் ‘இலங்கை’ என்றிருந்தது. கீழே அவள் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள்.

“சரியாப் போட்டிருக்கினம் அக்கா, பிழை இல்லை.”