குங்குமம் வைத்த பானெட்

வெள்ளிக்கிழமை தவறாமல் என் கார் பானெட்டுக்குக் குங்குமம் வைப்பேன். அதைத் திறந்து பார்ப்பது பட்டறைக்காரர் வேலை என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் மனைவியையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு கெர்லிங் என்ற ஊரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனேன். வழியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் எண்ணெய்க்கான சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சினில் தடதடவென்று சத்தம். காரை ஓரமாக நிறுத்தி, "வெடிக்கப் போவுது, எல்லாரும் ஓடுங்க" என்று கத்திவிட்டுச் செம்பனை மரங்கள் வரைக்கும் ஓடினேன். நான் மட்டும்தான். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது நான் போட்ட பூட்டால் பின்கதவு உள்ளிருந்து திறக்காது. உள்ளே மாமியார், மடியில் சீர்த்தட்டோடு.

மனைவிதான் அவரை இறக்கினாள். சூடு ஆறியதும் பானெட்டைத் திறந்து, எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினாள். நுனிகூட ஈரமில்லை.

"சொட்டு எண்ணெய் இல்லலா. குங்குமம் மட்டும் வச்சா போதுமாங்க?"

மாமியார் மகளிடம் சொன்னார்: "காரு நின்னுருச்சு, மாப்பிள்ளதான் நிக்கல."

மனைவி போன் செய்ததும், மண்டபத்தில் இருந்த மச்சான் எண்ணெய் வாங்கிவந்து ஊற்றினார். உடனே நிறுத்தியதால் எஞ்சின் பிழைத்தது. நான் ஓடிய கதை எனக்கு முன்பே மண்டபம் போய்ச் சேர்ந்தது.

இப்போது வெள்ளிதோறும், வண்டியை எடுக்கும் முன், கம்பியைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்து, எண்ணெய் இரண்டு குறிகளுக்கு நடுவே நிற்கிறதா என்று பார்க்கிறேன். குங்குமம் அப்புறம்தான். பின்கதவுப் பூட்டையும் எடுத்துவிட்டேன். ஆனாலும் மாமியார் முன்சீட்டில்தான் உட்காருகிறார்.