கண்ணாடிக்குள் வயதானவள்

அந்தத் துணிக்கடையில் எல்லோரும் அவளைப் 'பொம்மையக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவைப் பார்த்த கண்ணாடிக்குள் நிற்கும் ஆளுயரப் பொம்மைகளுக்குத் துணி மாற்றுவது அவள் வேலை. கையைக் கழற்றி, சட்டையை மாட்டி, மறுபடி கையைப் பொருத்த வேண்டும். முதுகில் தொளதொளவென்று தொங்கும் துணியைக் குண்டூசியால் இழுத்துப் பிடிக்க வேண்டும். "நம்ம கடையில சம்பளம் ஏத்திக் குடுன்னு கேக்காத ஆளுங்க இவங்கதான்" என்று மேலாளர் பொம்மைகளைக் காட்டிச் சொல்வார். அவளும் சிரித்துவைப்பாள்.

கை வேலை செய்யும். கண் தெருவில் இருக்கும். அவளுடைய அக்கா பத்தொன்பது வயதில், தைக்கக் கொடுத்த செருப்பை வாங்கிவருகிறேன் என்று ஒரு மதியம் கிளம்பிப் போனவள், திரும்பவே இல்லை. அந்தச் செருப்பு, தைக்கிறவரிடமே இருந்தது. போலீஸ், ஆஸ்பத்திரி, பேப்பரில் படம் என்று தேடாத இடமில்லை. முப்பது வருடம் ஓடிவிட்டது. அந்த ஏக்கத்திலேயே அப்பா போய்ச் சேர்ந்தார். வாசல் மணி அடித்தால் அம்மா இன்னமும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். வீட்டில் யாரும் அக்காவின் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தால் 'இருந்தாள்' என்பதா, 'இருக்கிறாள்' என்பதா என்று நாக்கு தடுக்கிக்கொள்ளும்.

அக்காவோ இவளை விடுவதாக இல்லை. கூட்டத்தில் எங்காவது ஒற்றைப் பின்னல் ஆடும், ஒரு தோள் சற்றே இறங்கியிருக்கும். இவள் போட்டது போட்டபடி ஓடுவாள். வாயில் குண்டூசியோடுகூட ஓடியிருக்கிறாள். முன்னால் போகிறவள் திரும்பினால், யாரோ.

ஒரு மாலை, வேலை முடிந்து போகும்போது பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பின்னலைப் பார்த்தாள். ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள். "அக்கா!"

திரும்பிய பெண்ணுக்கு இருபது வயதிருந்தால் அதிகம். கையில் மருந்துப் பை.

"நான் உங்களுக்கு அக்காவா?" என்று சிரித்தவள், இவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "உக்காருங்க முதல்ல. என்ன ஆச்சு?"

பேருந்து வருகிற வழியாக இல்லை. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததையெல்லாம் முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் கொட்டித் தீர்த்தாள்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. அவங்களுக்கும் வயசாகியிருக்கும் இல்ல? என்னை மாதிரி சின்னப் பொண்ணுங்க பின்னாடி ஓடினா அவங்க எப்படிக் கிடைப்பாங்க?"

பேருந்து வந்துவிட்டது. பெயர் கேட்பதற்குள் ஏறிப் போய்விட்டாள்.

இவள் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றாள். அக்காவின் முகஜாடைதான் இவளுக்கும். தன் காதோர நரையைப் பார்த்தாள், உதட்டோரச் சுருக்கத்தைப் பார்த்தாள். தன்னைவிட மூத்தவளை இவ்வளவு நாளும் சின்னப் பெண்ணாகவே நிறுத்திவைத்திருந்தோமே என்று அழுதாள்.

மறுநாள் கிடங்கில் ஒதுக்கிப்போட்ட பொம்மை ஒன்றைத் துடைத்து எடுத்தாள். நரைத்த டோப்பா ஒன்று வேண்டும் என்றாள்.

மேலாளர் பதறினார். "வயசான பொம்மையப் பாத்து யாரும்மா உள்ள வருவாங்க? கடைய இழுத்து மூடற யோசனையா?"

"கொஞ்ச நாள் வெச்சுப் பாக்கலாம் சார். யாரும் வரலன்னா நானே தூக்கிடறேன்."

நரைமுடியைத் தளரக் கொண்டை போட்டாள். இடுப்பில் பஞ்சு சுற்றினாள். ஒரு தோள் மூட்டில் மரச்சில்லு செருகித் தாழ்த்தினாள். மூக்குக்கண்ணாடி மாட்டினாள். அக்காவுக்கு அடர்ந்த நிறம் ஆகாது; அதனால் வெளிர்நீலச் சட்டை. முகம் மட்டும் வழவழவென்று வெறுமையாக இருந்தது. அதைத் தொடாமல் விட்டாள். நான்கடி பின்வாங்கிப் பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடமும் அவள் அக்காவின் முதுகைத்தான் பார்த்துவந்திருந்தாள்.

நடுவயதுப் பெண்கள் நின்று பார்த்தார்கள். "அந்த நீலச் சட்டை என் அளவுக்கு இருக்குமா?" என்று உள்ளே வந்தார்கள். மேலாளர் அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் அம்மாவைக் கூட்டிவந்தாள். எதற்கென்று சொல்லவில்லை. அம்மா தெருவிலேயே நின்றுவிட்டாள். வெகுநேரம் கழித்து உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்தாள்.

"இளைச்சுப் போயிட்டாளே."

இவள் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"கண்ணாடி எப்போ போட்டா?"

"நாப்பது வயசுலம்மா."

அம்மா தலையாட்டிக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அக்காவைப் பற்றியே பேசிவந்தாள். சின்ன வயதில் இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வாளாம். இவளுக்கு அது தெரியாது.

அக்கா வரவில்லை. பொம்மை நிற்கிறது. வருடா வருடம் நரைமுடி கொஞ்சம் வெளுத்துக்கொண்டு போகிறது. மற்ற பொம்மைகளின் கையைச் சட்டென்று கழற்றிவிடுகிறவள், இதற்குத் துணி மாற்றும்போது மட்டும் திரையை இழுத்துவிட்டுக்கொள்கிறாள்.

இப்போதெல்லாம் அவள் யார் பின்னாலும் ஓடுவதில்லை. எதிரே வருகிற நரைத்த பெண்களின் முகத்தை நேராகப் பார்க்கிறாள். தெரிந்தவள்போலிருக்கிறது என்று அவர்களும் புன்னகைக்கிறார்கள். சிலர் நின்றே விடுவார்கள். "உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே?"

"இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவர்களுடைய அடுத்த வார்த்தைக்காகக் காத்திருப்பாள்.